வீக்லி ஆஃப் வரை காத்திருக்கும் முலாம்பழம்

என் வீட்டுக்காரர் தண்ணீர் அதிகம் விட்டுக் காயைக் கெடுத்தார் என்று போன வருடம் எங்கள் வரப்பில் நின்று நீங்கள் சொன்னது பொய். விதை விற்கிற உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. மந்தாரக்குப்பம் பக்கம் முலாம்பழம் போட்ட அத்தனை பேருக்கும் நீங்கள் யார் என்று தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு எண்பது சென்ட் நிலம் இருக்கிறது. நான் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் தெருக்களைக் கூட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளி. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை வேலை. என் வீட்டுக்காரரும் அப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட், அதே ஷிப்ட். இந்த விதைக்காரர் சொன்ன விதையை வாங்கித்தான் போட்டோம். வலை போட்டது மாதிரி தோல், உள்ளே ஆரஞ்சு சதை. காய் அருமையாக வந்தது. சென்னைக்கு அனுப்பிய லோடு மட்டும் போய்ச் சேரும்போது கொழகொழவென்று இருந்தது. வியாபாரி போட்டோ அனுப்பினார். விதைக்காரர் வந்து பார்த்து, ஊர் ஆட்கள் பத்துப் பேர் கேட்க, "தண்ணி ஜாஸ்தி, உங்க வீட்டுக்காரர் கெடுத்துட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் நம்பினேன். நம்பி என் வீட்டுக்காரரைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். அடுத்த மாதம் அவருடைய கான்ட்ராக்டும் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார். அங்கே ஒரு ரூமில் ஆறு பேர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வார். இந்த வருடம் என்ன போடலாம் என்று கேட்டதற்கு, "நீயே பாத்துக்க. நான் கை வெச்சாதான் கெட்டுப்போவுதே" என்றார்.

நாற்றுப் பண்ணைக்காரர் திங்கட்கிழமை காலைக்குள் ரகத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார். அதனால் மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஏற்கெனவே காய் பறிக்கிற இரண்டு தோட்டங்களைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

காலை 4.50, மந்தாரக்குப்பம்.

முதல் பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. வடலூர் வரை சுமார் பதினைந்து கிலோமீட்டர். கண்டக்டர் என்னைத் தெரிந்தவர்.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெழமயும் டூட்டியா?"

"இல்ல தம்பி. முலாம்பழம் பாக்கப் போறேன்."

"அதுக்கு எதுக்கு பஸ் ஏறிகினு? நம்ம ஸ்டாண்டுலயே வண்டில வெச்சிகினு விக்கிறானே."

இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் இருந்தால் ஜன்னல் பக்கம் அவருக்குத்தான். அதற்கே சண்டை போடுவோம். அன்றைக்கு ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது. நகர்ந்து உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. கையில் இருந்த பையை அங்கே வைத்தேன். வெளியே சுரங்கத்து விளக்குகள் வெகுதூரம் கூடவே வந்தன.

வடலூரில் இறங்கிக் கடலூர் போகும் பிரைவேட் பஸ் பிடித்தேன். குள்ளஞ்சாவடிக்குப் பதினெட்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய், பிறகு அரை கிலோமீட்டர் நடை.

காலை 6.20, குள்ளஞ்சாவடிக்கு அந்தப் பக்கம்.

ஏழுமலை அண்ணன் எங்கள் சொந்தக்காரர் இல்லை. என்னோடு தெரு கூட்டும் ஒருத்தியின் சித்தப்பா. ஒன்றரை ஏக்கரில் நான் போட்ட அதே வலைத்தோல் போட்டிருந்தார். நான் போய்ச் சேரும்போது பறிப்பு முடிந்துவிட்டது. அவரும் மனைவியும் மருமகளும் தலையில் டார்ச் லைட் கட்டியபடி புங்கமரத்தடியில் கிரேட் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காயைத் தொட்டுப் பார்த்தேன். மண்பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. எங்கள் காய் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

இந்த ரகம் பழுத்தால் காம்பைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு வெடிப்பு விழும். விரலால் தள்ளினால் கழன்று வந்துவிடும். கழன்ற பிறகு காத்திருக்காது. ஏழுமலை அண்ணன் ஒன்றை அறுத்துக் கொடுத்தார். இனிப்பு அளக்கும் மீட்டரில் ஒரு சொட்டு விட்டார், பதிமூன்று காட்டியது. வரப்போரம் சோதனைக்காக இரண்டு வரிசை பச்சை வரித்தோல் போட்டிருந்தார். அதற்கு வாசனை தூக்கலாக இருக்கிறது, மீட்டரில் பதினொன்றுதான். காலையில் பறித்தால் சாயங்காலம் வெடிக்கிறதாம். "சொந்தக்காரங்களுக்குக் குடுக்கலாம், வியாபாரிக்கு ஆவாது" என்றார்.

பிறகு என்னைக் கேட்டார்: "நீ போன வருஷம் எத்தினி மணிக்குப் பறிச்ச?"

"ரெண்டு மணிக்கு டூட்டி முடிஞ்சி நேரா கொல்லைக்கு வந்துடுவோம். ரெண்டரைக்கு ஆரம்பிச்சி அஞ்சு மணிக்கு லோடு ஏத்திடுவோம்."

"பங்குனி வெயில்ல ரெண்டரைக்கா?" அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துவிட்டாள். "ஏம்மா, காலைல கழண்ட காய் அவ்ளோ நேரம் பாத்தில விரிச்ச பிளாஸ்டிக் ஷீட்டு மேல கெடந்தா இன்னா ஆவும்? நீ பறிச்சி அனுப்பல. அவிச்சி அனுப்பியிருக்க."

"எங்க வூட்டுக்காரரு தண்ணி அதிகமா வுட்டுட்டாருன்னு சொன்னாங்கண்ணே."

"பழம் சப்புன்னு இருந்துச்சா?"

"இல்ல. கொழஞ்சதுகூட இனிச்சது."

"வெடிச்சிருந்துச்சா?"

"அதுவும் இல்ல."

"தண்ணி ஜாஸ்தி ஆனா ஒண்ணு வெடிக்கும், இல்ல சப்புன்னு பூடும். இனிச்சிகினே கொழஞ்சா அது சூடு. எவன் சொன்னான் உனக்குத் தண்ணின்னு?"

உங்கள் பெயரைச் சொன்னேன். "அவரா, அவரு விதை விக்கிறவராச்சே" என்றார். கிரேட் அடுக்கத் திரும்பிவிட்டார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். காய் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே என் வீட்டுக்காரர் சொட்டுநீர் வால்வை மூடிவிட்டார். "மூடிட்டேன் கவிதா" என்று லோடு கெட்ட பிறகு என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்கவெல்லாம் வராது. அந்த நேரம் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் தட்டில் சோறு போட்டு, குழம்பில் கிடக்கும் மீனையெல்லாம் அவருக்கே வைத்திருப்பேன். அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருந்தது ஏழுமலை அண்ணனின் நாய்தான்.

நாலு மணிக்கு எழுந்து நீயும் பறித்தால் என்ன என்று கேட்பீர்கள். ஐந்தரைக்கு நான் டவுன்ஷிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பறிக்க வருகிற பெண்களும் என்னோடு கூட்டுகிறவர்கள்தான். எங்களில் யாருக்கும் விடியற்காலை சொந்தமில்லை. வலைத்தோலுக்கு வேண்டியது அந்த விடியற்காலைதான். இது உங்களுக்குத் தெரியும். வடலூர் மண்டபத்தில் நீங்கள் விதையைப் பற்றிப் பேசியபோது பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து கழுத்தில் கார்டோடு உங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தோம். எத்தனை மணிக்குப் பறிப்பீர்கள் என்று ஒருவரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

காலை 10.15, வடலூர்.

திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தேன். முலாம்பழ ஜூஸ் நாற்பது ரூபாய். நான் அடுத்துப் பார்க்கப் போகிற மஞ்சள் தோல் ரகம் ஒன்று இருக்கிறதே, அது வந்தால் வாங்குவாயா என்று கடைக்காரத் தம்பியைக் கேட்டேன்.

"உள்ள வெள்ளையா இருக்கும்க்கா. ஜூஸ் போட்டா மோருன்னு நெனச்சி உப்பு கேப்பாங்க."

"குறைச்சிக் குடுத்தா?"

"கிலோவுக்கு ஏழெட்டு ரூபா கம்மின்னா வாங்கலாம். ஒரு கேரட் சேத்து அரைச்சிட்டா கலரு வந்துடும்."

"அடப்பாவி. இப்ப எனக்குக் குடுத்தது?"

"இது ஒரிஜினல்க்கா. நீ கேள்வி கேக்கறத பாத்ததும் சுதாரிச்சிட்டேன்."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் கோபம் வந்தது. இந்த மாதிரி பேச்சை ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அவர் சத்தமாகச் சிரிக்க மாட்டார், தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது.

பகல் 12 மணி, காடாம்புலியூர்.

பண்ருட்டி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஊருக்குள் இறங்கி முந்திரித் தோப்பு வழியே இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். முந்திரி பூத்திருந்தது. பலாவில் கை நீளத்துக்குப் பிஞ்சு தொங்கியது.

இரண்டாவது தோட்டத்து அஞ்சலை அக்கா என்னைவிட ஐந்தாறு வயது பெரியவள். வீட்டுக்காரர் மைன்ஸில் பெர்மனன்ட், இரண்டு மகன்களும் கான்ட்ராக்ட். மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட். இளம் முந்திரிக்கு நடுவே அறுபது சென்டில் மஞ்சள் தோல் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு காயின் காம்பிலும் டெய்லர் கடைத் துணித் துண்டு கட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம்.

"இன்னாக்கா இது, காய்க்கு ரிப்பன் கட்டிகினு?"

"பிஞ்சு புடிக்கிற வாரத்துக்கு ஒரு கலரு. இது வலைத்தோலாட்டம் தானா கழண்டு வுழாது. நாம நாள் எண்ணிதான் அறுக்கணும். முப்பத்தஞ்சு நாள். எனக்கு எண்ணத் தெரியும், எங்க வூட்டு ஆம்பளைங்களுக்குக் கலருதான் தெரியும். இன்னைக்குச் சிவப்பு அறுங்கடான்னா அறுப்பானுங்க."

"தெனமும் அறுக்கணுமா?"

"தெனமும் யாரு கெடக்கா இங்க? வாரத்துக்கு ஒரு நாள். எவனுக்கு வீக்லி ஆஃபோ அவன் விடியகாலைல வந்து கத்திரிப்பான். கணக்கு நாள் முடிஞ்சி அஞ்சு நாள் ஆறு நாள் ஆனாலும் கொடியிலயே நிக்கும். அவசரப்படுத்தாது. எங்க வூட்டுக்காரரவிடத் தேவலாம்."

இன்றைக்கு நாள் முடிந்த காய் ஒன்றும், நான்கு நாள் முன்பே முடிந்து கொடியில் விட்டிருந்த காய் ஒன்றும் அறுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றித் தின்றேன். பழையது கொஞ்சம் மிருதுவாக இருந்தது, இனிப்பும் கூடுதல். இரண்டும் குழையவில்லை. வலைத்தோலின் வாசனை இதற்கு இல்லை. இனிப்பும் ஒரு படி குறைவுதான். விலையும் அப்படித்தான். வலைத்தோலுக்கு ஏழுமலை அண்ணன் கிலோ இருபத்து நான்கு வாங்குகிறார், அஞ்சலை அக்காவுக்குப் பதினேழு. தோலில் நகம் பட்டாலும் பழுப்பாகத் தழும்பு விழும் என்பதால் கிரேட்டில் வைக்கோல் போட்டு அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டேன். தினம் விடியற்காலை தோட்டத்தில் நிற்க முடிகிறவர்கள் வலைத்தோல் போடட்டும். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள்தான்.

"உங்க வூட்டுக்காரரு எங்க வேலை?" என்றாள்.

சொன்னேன்.

"அவருக்கு ஆஃப் என்னைக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"அப்ப ஞாயித்துக்கெழம அறு" என்றாள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

மாலை 4.30, காடாம்புலியூர் பஸ் நிறுத்தம்.

அவர் கூப்பிடும் வரை காத்திருக்கவில்லை. நானே போன் போட்டேன். பின்னால் யாரோ குக்கர் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க."

"சொல்லு."

"போன வருஷம் அது தண்ணி இல்ல. சூடு. நாம மத்தியானம் பறிச்சதுதான் தப்பு. நீங்க வால்வ மூடித்தான் இருந்தீங்க."

குக்கர் சத்தம் நின்றுவிட்டது. வெளியே போயிருப்பார் போல.

"நான்தான் மூடினேனே" என்றார்.

"தெரியும்."

"இப்பத் தெரியும்."

மஞ்சள் தோல் பற்றிச் சொன்னேன். துணித்துண்டு பற்றி, நாள் எண்ணுவது பற்றி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஒரு நாள் அறுத்தால் போதும் என்பது பற்றி. எத்தனை அடிக்கு ஒரு குழி என்று கேட்டார். எந்தக் கத்திரி என்று கேட்டார். சனிக்கிழமை ராத்திரி அங்கிருந்து எத்தனை மணிக்கு பஸ் இருக்கிறது என்பதை அவரே சொன்னார். நான் கேட்கவேயில்லை.

பிறகு குரல் மாறியது.

"வரலாம்தான். ஆனா ஊருக்குள்ள எப்பிடி வர்றது? தண்ணி வுட்டுக் கெடுத்தவன்தானே நானு. போன பொங்கலுக்கு டீக்கடைல நின்னேன், 'இன்னாப்பா, வால்வ மூடிட்டுதான் வந்தியா'ன்றான் ஒருத்தன். எல்லாம் சிரிக்கிறானுங்க. நீ சொன்னா கேப்பானுங்களா? பொண்டாட்டி தாங்கிப் பேசுறாம்பானுங்க."

அவர் சொன்னது சரி. நான் சொன்னால் எடுபடாது. பொங்கலுக்கு வந்தவர் இரண்டு நாள் இருக்க வேண்டியது, ஏன் அன்றைக்கே போனார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நிழற்குடைச் சுவரில் உங்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பங்குனி முதல் வாரம் பண்ருட்டியில் விவசாயிகள் கூட்டம், அனைவரும் வருக, மதிய உணவு உண்டு. மேலே அதே வலைத்தோல் பழத்தின் படம். பஸ் வரும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்றுப் பண்ணைக்கு மஞ்சள் என்று அன்றே சொல்லிவிட்டேன். பங்குனியில் நாற்று நிலத்தில் நிற்கும், வைகாசியில் அறுப்பு. அதற்குள் உங்களால் முடிகிற வேலை ஒன்று இருக்கிறது.

பண்ருட்டிக் கூட்டத்துக்கு நான் வருவேன். எங்கள் ஊரிலிருந்து, வரப்பில் நின்று உங்கள் பேச்சைக் கேட்ட அந்தப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். இனித்துக்கொண்டே குழைந்த காய், வெடிக்காத காய், மத்தியானம் இரண்டரை மணிக்குப் பறித்த காய், அது தண்ணீரால் கெட்டதா, சூட்டால் கெட்டதா? மைக்கைப் பிடித்து, அவர்கள் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்லுங்கள்.