அந்தத் துகள் வந்த வழி

டீ ரூமில் பாறை ஆய்வகமே கூடியிருந்த நேரம் பார்த்து இயக்குநர் கையை நீட்டினார்.

"அரவை அறைச் சாவியக் குடுத்துடும்மா. சுத்தம் தெரியாத கையில அது இருக்க வேண்டாம்."

அரவை வேலை பார்க்கும் மில்லுக்காரம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பாறை உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று நின்று வந்த வினை. ஆனாலும் 'சுத்தம்' என்ற சொல் கேட்டுவிட்டது. சுற்றியிருந்தவர்கள் டீக்கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்கள். அவள் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

தரை துடைக்க வந்தவள் அவள். அரவைக்காரர் வேலையை விட்டுப் போனதும், "நீ பாத்துக்கறியா?" என்று கேட்டார்கள், பார்த்துக்கொண்டாள். பாறையை உடைத்து, பொடித்து, சலித்து, கனமான திரவத்தில் போட்டு, அடியில் தங்கும் ஒரு சிட்டிகை மணலை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அந்த மணலில் சிர்க்கான் என்ற துகள்கள் இருக்கும். பாறைக் குழம்பு இறுகும்போது சிர்க்கான் யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே சேர்க்கும், ஈயத்தைக் கிட்டே அண்டவிடாது. பிறகு அந்த யுரேனியம் மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே வரும். இரண்டையும் அளந்தால் துகளின் வயது கிடைக்கும். பூமியின் மேலோடு முதலில் எப்போது இறுகியது என்று கேட்டால், பதில் சொல்ல அந்தக் காலத்துப் பாறைகளே அநேகமாக மிச்சமில்லை. இந்தத் துகள்கள்தான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத துகள் என்பதால்தான் அவளுக்கு அந்தச் சுத்தப் பைத்தியம். ஒரு பாறை முடிந்ததும் இரும்புத் தாடைகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பாள், தூசி உறிஞ்சுவாள், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். பிறகு சிர்க்கான் இல்லாத வெறும் வெள்ளைக்கல்லை அரைத்துக் கொட்டிவிட்டு மறுபடி தேய்ப்பாள். மோதிரம் போடமாட்டாள், முடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொள்வாள். "வீட்டையும் ஒரு பாறைன்னு நெனச்சுக்கோயேன்" என்று மாமியார் குத்துவதுண்டு. "வீட்டோட வயச யாரும் கேக்கலையே, அத்தே" என்பாள் இவள்.

நடந்தது இதுதான். இளம் ஆய்வாளரான ஒரு பெண் கிரானைட் பாறை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அதிலிருந்து எடுத்த துகள்கள் எல்லாமே இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயது காட்டின. ஒன்றே ஒன்று மட்டும் நானூறு கோடிக்கு மேல் போய் நின்றது. அதே இயந்திரத்தில் அதற்கு முன் அரைத்ததோ, அவ்வளவு பழைய துகள்கள் உள்ள வெளிநாட்டுப் பாறை. ஆக, மில்லுக்காரம்மா சரியாகத் தேய்க்கவில்லை, இயந்திரத்தின் பல்லிடுக்கில் நின்ற துகள் இந்தப் பொடியில் விழுந்துவிட்டது என்று தீர்ப்பாகிவிட்டது.

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சந்தேகத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் சோதனை என்று ஒன்று இருக்கிறதே! கிரானைட் கிடைத்த அந்தப் பகுதியில் முந்நூறு கோடி ஆண்டுக்கு முன்னால் மேலோடே கிடையாது என்று அடித்துச் சொல்லி எழுதியவர் இயக்குநர். தன் கருத்துக்கு ஒத்துவந்தால் உண்மை, ஒத்துவராவிட்டால் துடைப்பம் பிடித்தவளின் அழுக்கு. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இந்த நியாயம் நமக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

வீட்டில் கணவன் கொதித்தான். அவன் பஸ் டிரைவர். எதையும் ஹாரன் அடித்துத் தீர்க்கப் பார்ப்பவன். "நாளைக்கே போய், எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணுடி. நான் தேச்சேன்னு சொல்லு."

"சத்தியத்த எந்த மெஷின்ல வெச்சு அளப்பாங்க?"

"அப்போ நீ தேய்க்கலையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. தேய்த்தாள். தேய்த்ததாகத்தான் நினைவு. ஆனால் ஒரே ஒரு துகள் எங்காவது ஒட்டியிருந்திருந்தால்? இல்லை என்று அவளாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. இயக்குநர் சொன்னதைவிட அதுதான் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

மறுநாள் ஆய்வாளர் அவளைத் தேடி வந்தாள். கையில் முஷ்டி அளவு கிரானைட். "உடைக்காத பாதி இது, அக்கா. அரைக்காம அறுப்போம். மெல்லிசா வில்லை போட்டு, கல்லுக்குள்ளயே துகளத் தேடுவோம். உள்ள பதிஞ்சு கிடக்கறது உங்க மில்லுலேர்ந்து குதிச்சு வந்திருக்க முடியாதுல்ல?"

"கெடைக்கலைன்னா?"

ஆய்வாளர் கல்லை மறுகைக்கு மாற்றினாள். "கெடைக்கலைன்னா உங்க மேலதான் நிக்கும்க்கா. எனக்கும் வேற வழி தெரியல."

ஆய்வகத்தில் கல் அறுப்பவர் விடுப்பில் இருந்தார். ரம்பம் பிடிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் மில்லுக்காரம்மாதான். "குற்றம் சாட்டப்பட்டவளே சாட்சியை அறுக்கறதா?" என்றார் இயக்குநர்.

"நீங்க பக்கத்துலயே நில்லுங்க சார். ஆனா தள்ளி நில்லுங்க, தண்ணி விட்டு அறுக்கறது, சேறு தெறிக்கும்" என்றாள் அவள்.

நின்றார். முதல் வெட்டிலேயே வெள்ளைச் சட்டை சாம்பல் புள்ளிச் சட்டையானது. யாரும் சிரிக்கவில்லை. வில்லை ஒவ்வொன்றும் நுண்ணோக்கிக்குப் போயிற்று. சிர்க்கான்கள் பளிச்சென்று தெரிந்தன, கதிர்க்கருவி அவற்றைச் சுரண்டி அளந்தது. இருநூற்றைம்பது கோடி. மறுபடி இருநூற்றைம்பது. ரம்பம் தின்றது போக, கல் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசித் துண்டு வந்தது. ரம்பத்தை நிறுத்தி, கையைத் துணியில் துடைத்து, அதைப் பிடித்தாள். துண்டு நொறுங்கினால் அத்தோடு எல்லாம் முடிந்தது. நொறுங்கவில்லை.

அந்தக் கடைசி வில்லையில், வெளியிலிருந்து எதுவும் நுழைய விரிசலே இல்லாத படிகத்தின் நடுவே, ஒரு துகள். சுற்றிலும் வெளிர் விளிம்பு, உள்ளே கறுத்த கரு. ஆய்வாளர் கதிரைக் கருவின் மேல் நிறுத்தினாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். எண் ஏறி, இறங்கி, நின்றது.

நானூற்றைந்து கோடி.

"விளிம்பு இருநூற்றைம்பது, கரு நானூற்றைந்து" என்றாள் ஆய்வாளர். "பழைய மேலோடு உருகி இந்தக் கிரானைட் ஆகியிருக்கு. உருகாம தப்பிச்ச துகள் இது. அக்கா, உங்க மில்லு வர்றதுக்கு எத்தனையோ கோடி வருஷம் முன்னாடியே இது உள்ள வந்தாச்சு!"

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். தேய்த்திருக்கிறாள். நினைவு பொய் சொல்லவில்லை.

இயக்குநர் திரைக்குக் கிட்டே வந்து எண்ணை இன்னொரு முறை படித்தார். பிறகு, "பெரிய விஷயம். உடனே அறிவிக்கணும்" என்றார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, பேச்சோடு பேச்சாக மேசையில் வைத்தார்.

அவள் அதைத் தொடவில்லை. "சார், இத என்கிட்டேர்ந்து எங்க வாங்குனீங்க?"

"ஏன்? டீ ரூம்ல."

"அங்கயே குடுங்க. எல்லாரும் இருக்கும்போது."

அவர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டீ வேளையில் இயக்குநர் எழுந்து நின்று, கோப்பையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: "அரவையில எந்தத் தப்பும் நடக்கல... நான் அவசரப்பட்டுச் சொன்னது தப்பு." சாவியை நீட்டினார்.

மில்லுக்காரம்மா கையை நீட்டாமல், காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டாள்.

"உங்க மெஷினோட உபயம், எனக்குக் காது மந்தம் சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."