மாதையன் காலில் சுற்றிய ரப்பர்

பாலக்கோடு தக்காளி மண்டியில் மாதையனும் நானும் இருபது வருஷமாகப் பெட்டி தூக்குகிறோம். சர்க்கரை வந்து அவன் கால் வீங்கியது. டாக்டர் ரத்த ஓட்டத்தைச் சோதித்துவிட்டு, காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ் கொடுத்தார். துவைத்துத் துவைத்து அது தொளதொளத்துப் போனது. இவன் வேறு வாங்காமல், வண்டியில் பெட்டி கட்டுகிற டியூப் ரப்பரை அதன்மேல் சுற்றிக்கொண்டான்.

நேற்றுக் காலை நொண்டி நொண்டி வந்தபோதுதான் பார்த்தேன்.

"ஏண்டா, காலு என்ன தக்காளிப் பொட்டியா?"

"இறுக்குனா ரத்தம் நல்லா ஏறும்னுதாங்கண்ணா."

"வலிக்கலையாடா?"

"வலியே இல்லீங்க. நல்லாயிட்டு வருதுன்னுல்ல நெனச்சேன்!"

நானே அவிழ்த்தேன். ரப்பர் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. பாதம் சில்லிட்டு, இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. உடனே ஆட்டோவில் ஏற்றினேன்.

டாக்டர் திட்டவே இல்லை. எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"சர்க்கரையில உணர்ச்சி போயிடுச்சு, அதான் வலி தெரியல. பாதத்தைக் காப்பாத்தப் பாக்கறேன். விரலுக்கு உறுதி சொல்ல முடியாது" என்றார்.

மாதையன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெரலு போனா பொட்டி தூக்க முடியுங்களாண்ணா?"

"பேசாம படுடா" என்றேன்.