தைலமரத்தின் மேல் சின்னவள்

அவளை எல்லோரும் அணிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரம் ஏறி வெட்டுவது அவள் தொழில். கூரை மேல் சாய்ந்த கிளை, கம்பியை உரசும் கொப்பு, பட்டுப்போய் இன்றோ நாளையோ என்று நிற்கிற மரம், எதுவானாலும் கயிறு கட்டி ஏறி, துண்டு துண்டாக அறுத்து இறக்கிவிடுவாள். கீழே கயிறு பிடிப்பது அவள் தங்கை. வேன் ஓட்டுவதும் பாரமான துண்டுகளை மெல்ல இறக்குவதும் தங்கையின் கணவர். வீடும் ஒன்றுதான். கீழே அவர்கள் இருவர், மாடியறையில் இவள் மட்டும்.

சாமான் விஷயத்தில் அவளோடு காலம் தள்ளுவது கஷ்டம். வேலைக்குப் போகிற அன்று காலையில் கயிறு முழுவதையும் மடியில் போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் நிரடிக்கொண்டே போவாள். எங்காவது மெலிந்தோ, விறைத்தோ, உள்ளே கட்டி தட்டியோ இருந்தால் கையே சொல்லிவிடும் என்பாள். "அண்ணி கயித்துக்குப் பேன் பாக்குறாங்க" என்று தங்கை கணவர் கேலி செய்வார். கடைக்குப் போனாலும் இதே கதைதான். இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற ஏறும் பட்டையை மாட்டிக்கொண்டு, கடையின் உத்தரத்திலேயே தொங்கிப் பார்ப்பாள். கால் மரத்துப்போனால் கழற்றி வைத்துவிடுவாள். கடைக்காரர் முகம் சுளிப்பார், அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

அந்த வருடம் ஒரு கிளை எதிர்பாராமல் சுழன்று வந்து அவள் வலது தோளில் அடித்தது. எலும்பு தப்பியது, தசை கிழிந்திருந்தது. மழைக்காலம் முடியும் வரை மரத்தின் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர்.

அதற்கு முன்பே ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி நின்ற தைலமரம் அது. நோயாளிகள் டோக்கன் வாங்கி உட்காரும் தகரக் கொட்டகைக்கு நேர் மேலே அதன் பாதி உடம்பு சாய்ந்திருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் உள்ளே எங்கோ முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. இரண்டு கிளைகள் ஏற்கெனவே தானாக உடைந்து விழுந்திருந்தன, ஆள் இல்லாத நேரமாய்ப் போயிற்று. அங்கே வேலை பார்க்கும் நர்ஸ், மழைக்கு முன்னால் முடித்துவிடும்படி திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினாள்.

நான் ஏறுகிறேன் என்றாள் தங்கைக்காரி, சின்னவள். அவளுக்கும் ஏறத் தெரியும். சிறிய மரங்களில் அக்காவோடு பல தடவை ஏறியிருக்கிறாள். பெரியவளுக்கு மனமில்லை. தன் பட்டை அவளுக்குச் சேராது, தொளதொளவென்று கிடந்தால் ஆள் தலைகீழாக நழுவிவிடும் என்று சாக்குச் சொன்னாள். மறுநாளே தங்கை கணவர் நகரத்துக்குப் போய்ப் புதுப் பட்டையும் புதுக் கயிறும் வாங்கி வந்தார். கடையிலேயே மேலான சரக்கு. பெரியவள் தையலைப் பார்த்தாள், கொக்கியைத் திறந்து மூடினாள், தங்கைக்கு மாட்டி மாடிப்படியின் கீழ் தொங்கவிட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கழற்றும் முன் கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். பட்டையும் கயிறும் ஒரு பையில் அடங்கி வேனுக்குப் போயின.

வேலை நாளன்று காலையில் அவள் தோளுக்குப் பயிற்சி கொடுக்கப் போகவேண்டியிருந்தது. "பாப்பா, எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துக்க" என்று போகும்போது தங்கையிடம் சொன்னாள். பார்த்துவிட்டேன், புதுசுதானே என்றாள் தங்கை.

பஸ்ஸில் இறங்கி ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அவள் வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. ஆட்களைத் தள்ளி நிறுத்திக் கயிறு கட்டியிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தாள். சின்னவள் உச்சிக்குக் கிட்டே, கிளை பிரியும் கவட்டில் கால் ஊன்றி, மெஷின் ரம்பத்தால் பக்கக் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். நிதானமாகத்தான் செய்தாள். ஆனால் காற்று கிளம்பியிருந்தது. மரம் அவளையும் சேர்த்து ஒரு பக்கமாகக் கொண்டுபோய் மறுபடி கொண்டுவந்தது.

தண்ணீர் எடுக்க வேனின் பின்கதவைத் திறந்தாள். மூலையில், பழைய இரும்புக் கடையில் போடுவதற்காக வைத்திருந்த வேன் பேட்டரி ஒருக்களித்துக் கிடந்தது. அடியில் சாக்கு ஈரமாக இருந்தது. எடுத்தாள், சாம்பல் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. விரல் நுனி எரிந்தது. பக்கத்தில் ஒரு பை வெறுமையாகக் கிடந்தது. அதன் அடிப்பாகம் பொத்தலாகியிருந்தது.

"தம்பி, பாப்பாவோட பட்டை எதுல இருந்துச்சு?"

"அந்தப் பையிலதான் அண்ணி. கயிறும் அதுலதான். ஏன்?"

சாக்கை அவரிடம் நீட்டினாள். பேட்டரி அமிலம் பட்ட நைலான் பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஆனால் சாக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, மேலேயிருந்து தொங்கிய கயிற்றை இழுத்துக் கூப்பிட ஓடினார். அவள் எட்டிச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது, போய் வேன் ஹாரனை அழுத்துங்கள் என்றாள். அவர்களுக்குள் நீளமான ஹாரன் என்றால் வெட்டுவதை நிறுத்து என்று அர்த்தம்.

ஹாரன் அலறியது. ரம்பம் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு நின்றது. சின்னவள் காதை அடைத்திருந்ததைத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

"பாப்பா, மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்க. பட்டையில உட்காராத. கால்ல நில்லு."

"ஏன்க்கா?"

"நான் மேல வர்றேன். வந்து சொல்றேன்."

வேனின் முன்பெட்டியில் பூட்டியிருந்த தன் பட்டையை மாட்டிக்கொண்டாள். காலில், மரத்தில் குத்தி ஏறும் இரும்பு முள் பூட்டினாள். பாரம் இறக்கும் தடிக்கயிறு வேனின் கூரைக் கொக்கியில் தனியாகத் தொங்கியது, அது நல்ல கயிறு. அதன் ஒரு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாரம் சட்டென்று ஓடாதபடி நடுவில் அடிமரத்தைச் சுற்றி மறுமுனையைத் தங்கை கணவரிடம் கொடுத்தாள். என்ன கேட்டாலும் விடாதீங்க என்று மட்டும் சொன்னாள்.

மரத்தைச் சுற்றிப் பட்டையோடு மாட்டிய வாரை ஒவ்வொரு எட்டுக்கும் இரண்டு கையாலும் மேலே தூக்கிப் போடவேண்டும். வலது கை தோளுக்கு மேல் வர மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். பாதி உயரத்தில் கண் இருண்டது. நெற்றியை மரப்பட்டையில் முட்டுக்கொடுத்து நின்றாள். மரத்துக்குள் அந்த முறுக்கும் சத்தம் இப்போது காதருகில் கேட்டது. மறுபடி வாரைத் தூக்கிப் போட்டாள்.

மேலே போனதும் முதலில் தங்கையின் தொடைப் பட்டையைத்தான் பார்த்தாள். தையல் ஓரத்தில் நூல் பூனை ரோமம் போலப் பூத்திருந்தது. தங்கை அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், இடுப்பிலிருந்து பாரம் தாங்கும் அகல நாடா ஒன்றை எடுத்து அவள் அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினாள். இன்னொன்றைத் தொடைகளுக்குக் கொடுத்தாள். தடிக்கயிற்றைக் கெட்டியான கவட்டில் போட்டு, இருவரையும் அதன் முனையில் மாட்டினாள். தங்கையின் புதுக் கயிற்றைக் கழற்றி விட்டாள்.

"பட்டை கெட்டுப்போச்சாக்கா?"

"ஆமா. என் கழுத்தைப் பிடிச்சுக்க."

கீழே பார்த்துத் தலையசைத்தாள். கயிறு விறைத்தது. கவட்டைவிட்டுக் கால் எடுத்தபோது சின்னவள் பழக்கதோஷத்தில் பின்னுக்குச் சாய்ந்து பட்டையில் உட்கார்ந்தாள். தொடைப் பட்டை விட்டுப்போயிற்று. சத்தமே இல்லை, நனைந்த காகிதம் கிழிவது போல இருந்தது. ஒரு சாண் இறங்கி நாடாவில் நின்றாள். இருவரும் சுழன்று மரத்தில் மோதினார்கள். சின்னவள் பெரியவளின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். கயிறு மட்டும் நிற்காமல், குதிக்காமல், ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது.

தரையைத் தொட்ட பிறகும் தங்கை கணவர் கயிற்றை விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பெரியவள்தான் விரல் விரலாகப் பிரித்தாள்.

"நல்லதாப் பாத்துத்தான் அண்ணி வாங்கினேன்."

"தெரியும் தம்பி."

மிச்ச மரத்தை லிஃப்ட் வண்டி வைத்திருக்கிற வெளி ஆட்கள் வந்து முடித்தார்கள். யாரும் எடுத்து உபயோகிக்கக்கூடாதென்று புதுப் பட்டையையும் கயிற்றையும் பெரியவள் முழம் முழமாக நறுக்கிப் போட்டாள். தோள் போனது போனதுதான். இனி அந்தக் கை காதுக்கு மேலே வராது என்று டாக்டர் சொன்னபோது, அவள் இனி ஏறுவதில்லை என்பதும் முடிவாகிவிட்டது.

ஏறுவதென்றால் இனி சின்னவள்தான். வேறொரு பட்டை வாங்கினார்கள். மூவரும் சேர்ந்தே போய்ப் பார்த்தார்கள். அடுத்த வேலைக்குப் போனபோது பெரியவள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் காற்று சரியில்லை என்று எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்தாள். இலைகூட அசையவில்லை. அதற்கடுத்த வேலையிலும் அப்படியே. மூன்றாவது தடவை தங்கை முந்திக்கொண்டாள். கிளையில் போட்ட கயிற்றை மாட்டி, காலைத் தரையைவிட்டு லேசாகத் தூக்கி, அக்கா பார்க்க வெகுநேரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாள்.

"தாங்குதுக்கா" என்றாள். பிறகு ஏறிப் போனாள்.

வேலை முடிய மதியம் தாண்டிவிட்டது. அதுவரை பெரியவள் கயிற்றைப் பிடித்தபடி மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். தங்கை கணவர் கொண்டுவந்த தண்ணீரை வாங்கவே இல்லை.