சியர் டான்ஸில் கீழே நிற்பவள்

போன செவ்வாய்க்கிழமை லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியின் அட்மிஷன் கவுன்ட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். எனக்கு அட்மிஷன் வேண்டாம். ஐம்பத்திரண்டு வயதில் யார் கொடுக்கப்போகிறார்கள்? என் மாணவி மகேஸ்வரிக்காக நின்றேன். வைத்திக்குப்பத்து மீனவக் குடும்பத்துப் பெண். மார்ச்சில்தான் பிளஸ் டூ எழுதினாள்.

போன மாதம் இந்தப் பக்கத்தில் என் முட்டி வலியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், ஆளுக்கொரு எண்ணெய் பெயர் சொல்லி கார்டு போட்டுவிட்டீர்கள். நன்றி. ஒன்றும் வேலை செய்யவில்லை. அதே முட்டியோடுதான் நின்றேன்.

ஒருவழியாக எங்கள் முறை வந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டா. மகேஸ்வரி ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாள். கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இது இன்னாம்மா?"

"சியர் டான்ஸ் சார். எல்லா ஸ்கூலுக்கும் வெச்ச போட்டி. ஃபர்ஸ்ட் பிரைஸ்."

"அது லிஸ்ட்ல இல்லியே... கோ-கோ, கபடி, வாலிபால், இப்படி எதுனா வெளாண்டது இருந்தா குடு. மொதல் ரெண்டு எடம் வந்ததா இருக்கணும்."

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகேஸ்வரி எங்கள் பள்ளி கோ-கோ டீமின் கேப்டன். மூன்று வருஷமாக! கம்பத்தைச் சுற்றி அவள் பாய்ந்து ஆளைத் தொடுவதைப் பார்க்க மற்ற பள்ளி டீச்சர்கள் கூட வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவள் கையில் கோ-கோ சர்டிபிகேட் இல்லை. சியர் டான்ஸ் சர்டிபிகேட்தான் இருக்கிறது. எப்படி? அதுதான் இந்த வாரக் கதை. குற்றவாளி யார் என்று கடைசி வரை மறைக்கப்போவதில்லை. நான்தான்.

முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். போன வருஷம் ஒரு நாள் எங்கள் ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார்.

"டி.வி.யில பாத்தீங்களா? சிக்ஸர் அடிச்சா பொண்ணுங்க ஆடுறாங்களே... இந்த வருஷம் ஸ்கூல்ஸ் மீட்ல அதுக்கும் போட்டி வெக்கிறாங்களாம். நாமளும் பண்றோம்."

"சரி மேடம்."

"ஆனா கால் தெரியக் கூடாது. இடுப்பு தெரியக் கூடாது. பாக்குறவங்க தப்பா ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

"அப்ப அது டிரில் மேடம்."

"டிரில்தான். சிரிச்சுக்கிட்டே பண்ணச் சொல்லுங்க."

இருபத்தேழு வருஷ சர்வீஸ் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. சரி என்று சொல்வதில் வேலை அதிகம். முடியாது என்று சொல்வதற்குத் தெம்பு அதிகம் வேண்டும். வேலை செய்துவிடலாம். தெம்புக்கு எங்கே போவது?

பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். சியர் டான்ஸ் என்றால் என்ன என்று படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. இதை ஆரம்பித்தது ஆண்களாம்! அமெரிக்காவில், நூறு வருஷத்துக்கும் முன்னால், ஒரு கல்லூரியின் ஃபுட்பால் டீம் வரிசையாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. பார்க்க வந்த மாணவர்களில் ஒருவன் பொறுக்க முடியாமல் எழுந்து கூட்டத்தின் முன்னால் போய் நின்று, எல்லோரையும் ஒரே குரலில் கத்த வைத்திருக்கிறான். அவ்வளவுதான் ஆரம்பம். ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு தொண்டை.

வெகு காலம் ஆண்கள்தான் செய்திருக்கிறார்கள். பிறகு ஆண்கள் யுத்தத்துக்குப் போக, பெண்கள் கூட்டமாக உள்ளே வந்திருக்கிறார்கள். கையில் பிடித்து ஆட்டும் அந்தக் குஞ்சம் — பாம்-பாம் — முதலில் காகிதமாம். மழை வந்தால் கூழ். பிறகு பிளாஸ்டிக் வந்தது. கத்தல் குறைந்து ஆட்டம் ஏறிக்கொண்டே போய் சியர் டான்ஸ் என்று தனியாகவே ஒன்று ஆகிவிட்டது. இப்போது அதற்கே போட்டி, அதற்கே கப்.

தோற்கிற பக்கத்துக்காக ஒருவர் எழுந்து கத்துவது... இந்த ஒரு விஷயத்தை அப்போதே மனசில் வாங்கியிருக்கலாம். நான் பாம்-பாம் எப்படிச் செய்வது என்ற பக்கத்துக்குப் போய்விட்டேன்.

பாம்-பாமுக்கு வழி சொன்னவளும் மகேஸ்வரிதான். கிழிந்த நைலான் வலையைப் பிரித்தால் நீல நூல் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் என்றாள். அவள் அம்மா ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார். இருபத்து நான்கு பாம்-பாம். பளபளவென்று அழகாகத்தான் இருந்தன. ஆனால் கவிச்சி! சோப்புத்தூள், எலுமிச்சை, ஷாம்பூ எல்லாம் போட்டுப் பார்த்தோம். கடைசிவரை எங்கள் டீம் ஆடினால் முதலில் பூனைகள்தான் வரும்.

பள்ளி முற்றத்தில் இடம் போதாது. சாயங்காலம் வைத்திக்குப்பம் கடற்கரையில், படகுகளுக்கு இந்தப் பக்கம், மணலில் பிராக்டிஸ். முதல் பாடம் முஷ்டி. கட்டைவிரல் வெளியே இருக்க வேண்டும். உள்ளே மடக்கினால் கை தொய்ந்து தெரியும். கையை மேலே விரித்துத் தூக்கினால், நேராகப் பார்க்கும்போதே இரண்டு முஷ்டியும் கண்ணின் ஓரத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கை பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு அசைவும் சட்டென்று போய், சட்டென்று நிற்க வேண்டும். பரதநாட்டியம் படித்த பிள்ளைகள் கையை நெளித்து நெளித்து என் உயிரை வாங்கினார்கள். எல்லாம் எட்டு எண்ணிக்கை. குதித்தால் முட்டி மடங்கித்தான் இறங்க வேண்டும் — இதை நான் சொன்னால் பிள்ளைகள் என் முட்டியைப் பார்ப்பார்கள். குரல் வயிற்றிலிருந்து வர வேண்டும், தொண்டையிலிருந்து அல்ல. நடுவில் சிரிப்பு வேறு!

கடைசிப் பாடம்தான் தூக்குவது. இரண்டு பேர் கீழே நின்று, உள்ளங்கையில் ஒருத்தியின் பாதத்தை வாங்கித் தோள் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பின்னால் ஒருத்தி காவல். ஏறுவதற்கு ஜோஸ்ஃபின். பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் வீட்டுப் பெண், காற்றடித்தால் பறந்துவிடுவாள். கீழே நிற்க மகேஸ்வரி. இன்னொரு பக்கத்துக்கு யாரை வேண்டுமானாலும் மாற்ற முடிந்தது. மகேஸ்வரி பக்கம் மட்டும் வேறு யார் நின்றாலும் ஜோஸ்ஃபின் ஏற மறுத்தாள்.

"மேல ஏறுறவ கீழ பாக்கக் கூடாது. கீழ நிக்கிறவ மேல இருக்கிறவகிட்டேர்ந்து கண்ணை எடுக்கவே கூடாது. இடி விழுந்தாலும் சரி. புரிஞ்சுதா?" தினமும் கத்துவேன்.

ஒரு நாள் மகேஸ்வரியின் அம்மா காலி மீன்கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"இன்னா டீச்சர், அந்தப் பொண்ணு வுழுந்துடப்போவுதுன்னு பயப்படுறியா? எம்பொண்ணு புடிச்சா புடிச்சதுதான். வுட மாட்டா."

அது உண்மைதான். விட்டது வேறு ஆள்.

மீட் நடந்தது உப்பளம் மைதானத்தில். எங்கள் கோ-கோ டீம் முதல் முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தது. ஃபைனல் மூன்று மணிக்கு; சியர் டான்ஸ் ஐந்து மணிக்கு, சிறப்பு விருந்தினர் முன்னிலையில். மகேஸ்வரி இரண்டிலும் இருந்தாள். பிரச்னை இல்லை.

இரண்டரைக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது. சிறப்பு விருந்தினருக்கு ஐந்து மணிக்கு வேறு விழா இருக்கிறதாம். சியர் டான்ஸ் மூன்று மணிக்கு!

ஹெச்.எம். ஓடி வந்தார்.

"மகேஸ்வரி இங்க இருக்கட்டும். கோ-கோவுக்கு வேற ஆள் போடுங்க. பன்னெண்டு பேர்ல ஒரு ஆள்தானே?"

டீம் லிஸ்ட் என் கையில். முதல் பெயர் அவளுடையது. பேனாவை எடுத்து அதை அடித்தேன். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பெயரை எழுதினேன். மகேஸ்வரி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர்... அப்ப நானு?"

"ஸ்கூல் மானம்டி. ஃபைனல் வரைக்கும் நீதானே கொண்டாந்த? சர்டிபிகேட் வந்துடும்."

வராது. ஃபைனல் லிஸ்ட்டில் பெயர் இருப்பவர்களுக்குத்தான் சர்டிபிகேட். இருபத்தேழு வருஷமாக அந்த லிஸ்ட்டை எழுதுகிறவளுக்கு இது தெரியாதா? மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். உங்களிடம் சொல்ல மாட்டேன். மறக்கவில்லை. ஹெச்.எம்.மோடு அந்த வெயிலில் நின்று மல்லுக்கட்ட முடியவில்லை. அவ்வளவுதான்.

பிள்ளைகள் பிரமாதமாக ஆடினார்கள். எட்டு எண்ணிக்கை பிசகவில்லை. ஜோஸ்ஃபின் மேலே ஏறி இரண்டு கையையும் விரித்தபோது மைதானமே கை தட்டியது. அந்த நேரம் பார்த்து கோ-கோ பக்கமிருந்து விசில், கூச்சல். அவள் டீம். அவள் மூன்று வருஷம் ஓடிய ஓட்டம். மகேஸ்வரி திரும்பவில்லை. கண் ஜோஸ்ஃபின் மேலேயே இருந்தது.

நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? சிறப்பு விருந்தினர் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார்.

சியர் டான்ஸில் ஃபர்ஸ்ட். கோ-கோவும் ஜெயித்துவிட்டது! இரண்டு கப். ஹெச்.எம். எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக்கொடுத்தார். ஒரு வாரம் கழித்துக் கோ-கோ சர்டிபிகேட்டுகள் வந்தன. பன்னிரண்டு. மகேஸ்வரி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பார்த்துக்கலாம்டி என்றேன். மீட் நடத்தியவர்களுக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதில் இல்லை. சியர் டான்ஸ் போட்டோவைப் பெரிதாக்கி ஹெச்.எம். அறையில் மாட்டியிருக்கிறார்கள். ஜோஸ்ஃபின் அழகாகச் சிரிக்கிறாள். மகேஸ்வரியின் முகத்தைப் பக்கத்துப் பெண்ணின் பாம்-பாம் மறைத்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கிளார்க் நல்ல மனிதர். "சர்டிபிகேட் இல்லாதவங்களுக்கு அடுத்த வாரம் வியாழக்கெழம டிரையல் வெக்கிறாங்க. ஒண்ணு ரெண்டு சீட் மிஞ்சினா எடுப்பாங்க. வந்து வெளாண்டு காட்டு" என்றார்.

வெளியே வந்து ஆளுக்கொரு ரோஸ் மில்க் வாங்கினோம். அவள் பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு நீங்க 'போடி, போய் வெளாடு'ன்னு சொல்லியிருந்தா ஹெச்.எம். இன்னா பண்ணியிருப்பாங்க?"

நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன்.

"திட்டியிருப்பாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் தலையாட்டிவிட்டு மீதியைக் குடித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கீழே நிற்பவள் கண்ணை எடுக்கக் கூடாது என்று மணலில் நின்று மாதக்கணக்கில் கத்தியவள் நான். அந்தப் பிள்ளைக்குக் கீழே நின்றிருக்க வேண்டியவளும் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

"டிரையலுக்கு யாரு வர்றாங்க உங்கூட?"

"யாரு வருவா? அம்மாவுக்கு யாவாரம். மத்தவங்கல்லாம் பழைய டீமோட வருவாங்க. நான் பாட்டுக்குப் போய் ஓடிட்டு வந்துடுவேன்."

மறுநாள் ஹெச்.எம்.மிடம் லீவ் லெட்டர் கொடுத்தேன். வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனாம். லீவ் கிடையாது என்றார். லெட்டரை மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். பின்னாலேயே குரல் வந்தது.

"என்ன டீச்சர் இது! அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

"சியர் பண்ணணும் மேடம்."

திட்டினார். அவ்ளோதான்.

நாளை வியாழக்கிழமை. அந்த மைதானத்து ஓரத்தில் அவளுக்காகக் கத்தப்போவது நான் ஒருத்திதான். முட்டிதானே போயிற்று... தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது!