கண்ணை மூடித் தொடும் டாக்டர்

சாந்தோம் கடற்கரையில் மீன் வாங்கும்போது டாக்டர் மர்சலின் கண்ணை மூடிக்கொண்டுதான் சங்கரா மீனை அமுக்கிப் பார்ப்பார். "மீனு ஓடிடாது டாக்டரம்மா, கண்ணைத் தொறந்தே பாரு" என்பாள் மீன்காரி ரெஜினா. மர்சலின் கேட்டதில்லை. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த காலத்தில் கட்டியின் ஓரத்தையும் இப்படித்தான் விரலால் கண்டுபிடித்தார். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்ததும் நீளக் கருவி உள்ளே போனது, விரல் வெளியே நின்றுவிட்டது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சென்ற வாரம் அடையாறில் ஒரு கம்பெனியில் புது லேப்ராஸ்கோப்பிக் கருவி ஒன்றைச் சோதிக்க அவரைக் கூப்பிட்டார்கள். கேமரா படத்தில் சதை எவ்வளவு குழிகிறது என்று பார்த்தே அழுத்தத்தைக் கணிக்க அதன் கணினி ஆயிரக்கணக்கான வீடியோக்களில் பழகியிருந்தது. அழுத்தத்துக்கு ஏற்பக் கைப்பிடி அதிரும். பயிற்சிப் பெட்டிக்குள் இருந்த ரப்பர் ஈரலைத் தொட்டதும் மர்சலினின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மெத்தென்று இருந்தது. பிறகு ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அதன் ஓரத்தைத் தேடிப் போனார். சட்டென்று அதிர்வு நின்று கைப்பிடி மரத்துப்போனது.

"இதை நம்பி நான் ஒருத்தர் வயித்துல கை வைக்கணுமா?" என்று சீறினார்.

"கண்ணைத் திறங்க மேடம்" என்றார் பொறியாளர் ஸ்ரீஹரி. "கருவி படத்தை விட்டு வெளிய போயிடுச்சு. பார்க்காத இடத்தை இதுக்குத் தொடத் தெரியாது."

மறுநாள் காலை மர்சலின் கண்களை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சங்கராவை அமுக்கினார். ரெஜினா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத்தினி நாளா கண்ணை மூடிக்கினு வாங்குன. இன்னிக்கி இன்னா சந்தேகம், என் மீனு மேல?"