நாலு முதுகும் ஒரு தொண்டையும்

படகில் துடுப்பு போடுகிற நாலு பேரும் போகிற பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். எதிரே என்ன வருகிறது என்று பார்த்துக் கத்துகிறவன் ஒருத்தன்தான், அவன் கையில் துடுப்பு கிடையாது. அந்த ஒருத்தனாக ஆறு மாதம் இருந்தேன். வருஷக்கணக்காக கான்ட்ராக்டிலேயே காலம் தள்ளுகிறவர் உங்களில் யாராவது இருந்தால், மேலே படிக்காமலே பாதி புரிந்துவிடும்.

தொண்டைக்குக் கிடைத்த வேலை

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் கலாசி, கனமான சாமான்களை நகர்த்துகிற ஆள். பெரிய மெஷினைப் பத்து பேர் ஒரே மூச்சில் நகர்த்த வேண்டும் என்றால், மூச்சு எப்போது என்று சொல்வது என் தொண்டை. ஒருநாள் மேனேஜர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிகளுக்குள் படகுப் போட்டியாம், நம் ஆட்கள் நாலு பேருடைய துடுப்பும் சேர்ந்து விழவே மாட்டேன் என்கிறதாம். "நீ வந்து கத்து ஏழுமலை. கப் வரட்டும், உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி மேல எழுதுறேன்" என்றார்.

எனக்கு வயது ஐம்பத்தைந்து. இன்னும் மூன்று வருஷத்தில் ரிட்டயர் வயது வந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவன். சரி என்றேன். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு வாசலில் விடியற்காலை நாலரைக்கு கம்பெனி வேன் வந்து நின்றது. ஏறும்போது என் சம்சாரம் சொன்னாள்: "பகல்ல கத்திகினு கீறது பத்தலன்னு, ஆத்துல போயி வேற கத்தணுமா?"

மூட்டைக்கு மரியாதை

கத்துகிறவன் ஐம்பத்தைந்து கிலோவாவது இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நான் நாற்பத்தேழு. குறைந்த எட்டு கிலோவுக்கு ஒரு மணல் மூட்டையை என் காலடியில் வைத்தார்கள். தினமும் அதை வேனில் ஏற்றி இறக்குவதும் நான்தான்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், மூட்டையின் கழுத்தில் ஸ்டோர்காரர் தகரத்தில் கம்பெனி நம்பர் கட்டிவிட்டிருந்தார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து துடுப்பு போடுகிற தினகரன், நசரத்பேட்டை பையன், லேத் ஆபரேட்டர். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இன்னா அண்ணாத்தே, நேத்து வந்த மூட்டைக்கு நம்பர் குட்த்துட்டான், உனக்கு இன்னும் குடுக்கலியே!"

நின்ற இடம்

அடையாறு காலையில் எண்ணெய் ஊற்றியது போலக் கிடக்கும். நாற்றம் மட்டும் நமக்கு முன்பே எழுந்திருக்கும். ஒருநாள் கரையில் பிரவீன் வந்து நின்றார். மேனேஜரின் மச்சான், ஆபீசில் வேலை. "சும்மா ஞாபகத்துக்குண்ணே" என்று அவருடைய போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பதிவை ஓடவிட்டு, என் சட்டைப் பையில் வைத்தார்.

அன்றைக்கு நல்ல வேகம். "இழு... விடு... இழு... விடு..." பாதி தூரத்தில், ஆகாயத்தாமரைக்கு அடியில் மீன் வலைக் கயிறு ஒன்று குறுக்கே. "நிறுத்து! கையை நிறுத்து!" என்று அலறினேன். நாலு பேரும் என்ன ஏது என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி நிறுத்திவிட்டார்கள். கயிறு படகின் மூக்குக்கு முன்னால் ஆடியது. தினகரன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "நீ நிறுத்துன்னா, கை என்னிய கேக்காமலே நின்னுடுது அண்ணாத்தே."

கார்டு

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு சேதி வந்தது. கம்பெனி அடையாள அட்டை உள்ளவர்தான் படகில் உட்காரலாம். எனக்கு இருப்பது கான்ட்ராக்டர் கொடுத்த சீட்டு. அட்டை உள்ள பிரவீன் என் இடத்தில் உட்காருவாராம். அவருக்குத் தாளம் தெரியாதே என்றதற்கு, அன்றைக்குப் பதிந்த என் குரலை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்களாம்.

அந்தப் பதிவில் நடுவே நிறுத்துகிற இடம் இருப்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் போனேன். "முழுசா கேட்டுப் பாத்தீங்களா தம்பி?" என்று ஆரம்பித்தேன். பிரவீன் சிரித்தார்: "நீங்க கத்துறத முழுசா வேற கேக்கணுமாண்ணே?"

சரி என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டேன்.

போட்டி

கரையில் மணல் மூட்டை இல்லாமல் நின்றேன். பிரவீனுக்கு அது தேவைப்படாத உடம்பு. என் குரல் ஆற்றில் போனது, நான் கரையில் இருந்தேன். நம் படகு ஒரு படகு நீளம் முன்னால் போனது. என் குரலுக்கு நானே கை தட்டக் கூசியது, ஆனாலும் தட்டிவிட்டேன்.

பாதி தூரம். எதிரே கயிறும் இல்லை, ஆகாயத்தாமரையும் இல்லை. ஸ்பீக்கரிலிருந்து நான் அலறினேன்: "நிறுத்து! கையை நிறுத்து!" நாலு துடுப்பும் ஊன்றி நின்றன. "போடுங்கய்யா!" என்று பிரவீன் கத்தினார். அந்தக் குரல் அவர்களுக்குப் பழக்கமில்லை. மற்ற படகுகள் எல்லாம் தாண்டிப் போயின.

மேனேஜர் பிரவீனிடம் போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்: "உன்னை யாருய்யா நடுவுல நிறுத்தச் சொன்னது?"

என் சத்தத்துக்கு மெஷின் நகர்ந்தது, படகு நகர்ந்தது, நின்றும் காட்டியது. என் பர்மனென்ட் காகிதம் ஒன்றுதான், எத்தனை கத்தினாலும் மேனேஜர் மேஜையை விட்டு நகராமல் கிடக்கிறது.