ஒரு பட்டைக் கள், ஓர் ஓட்டம்

ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றங்கரைக் கள்ளுக்கடையில் நிற்கிறோம். மாட்டுக் கயிறு என் கையில். வண்டிக்காரன் மாடசாமி ஓடப் போய்விட்டான். கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பனையோலைப் பட்டை கள் குடித்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, மருதமரத்தைத் தொட்டுவர மணலில் ஓடுகிறார்கள். சிரித்துக்கொண்டே ஓடுகிறார்கள். மாடசாமிக்கும் என் வயதுதான். எனக்கு வயிறு எரிகிறது. தாலுகா கச்சேரி குமாஸ்தா நான் ஓடினால் ஊர் சிரிக்காதா?

மூச்சிரைக்க வந்து நிற்கிறான்.

"ஜெயித்தவனுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா ஓடுதோம்."

"அதற்குக் கள் எதற்கு?"

"குடிக்காம ஓடுனா களவாணிப்பயன்னு வெரட்டுவாவள்லா? ஒரு பட்ட குடிச்சிட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாவ."

"போதும், ஏறு வண்டியில்" என்று அதட்டுகிறேன்.

கயிற்றை வாங்குகிறவன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான்.

"வேட்டிய எப்பம் தார்ப்பாச்சுனிய அண்ணாச்சி?"